முட்டுக்கால் இல்லாத தரை

ஸ்பில்லர் துறை, நியூபவுண்ட்லாந்து
1967 மார்ச் 9

அன்புள்ள டார்கஸ்,

நீ நாய்வண்டியில் பனிமேல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று தபால்காரர் சொன்னார். பிள்ளைகள் சுகமா? உன் வீட்டுக்காரர் ஜேபஸுக்கு இருமல் விட்டதா?

இங்கே நான் இருக்கிறேன். அவ்வளவுதான் சொல்ல முடியும். உன் அண்ணன் ஹேவர்டுடைய ரப்பர் பூட்ஸ் இன்னும் கதவுப் பக்கத்திலேயே கிடக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் தடுக்குகிறார்கள். பக்கத்து வீட்டு நெட்டி, "எடுத்து உள்ள வை செலினா, நேத்து என் முட்டி பேந்துடுச்சு" என்று திட்டினாள். வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவள், பாவம். இருந்தாலும் எடுக்க மனம் வரவில்லை. யாராவது தடுக்கினால் அவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவார்கள் இல்லையா.

அவரைப் புதைத்த இடம் இன்னும் கறுப்பாகத் தெரிகிறது. மண் குளிரில் உறைந்து இறுகிக் கிடந்ததால் விறகு போட்டு எரித்து எரித்துத்தானே தோண்டினார்கள். மற்ற இடமெல்லாம் வெள்ளை, அது ஒன்றுதான் கறுப்பு. அல்மாவுக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. குழந்தை இத்தனை வருஷம் தனியாக இருந்தாள், இனி அப்பா பக்கத்தில் இருப்பார்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். சாவு வீட்டுக்கு ஊரே வந்திருந்ததே, நீயும் பார்த்தாயே. முன்னறையிலும் அடுக்களையிலும் நிற்க இடமில்லை. நடுவில் சவப்பெட்டி வேறு. பழைய தரையாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒருவர் குறுக்கே நடந்தாலே அலமாரித் தட்டுகள் எல்லாம் பேசும். நெட்டியின் புருஷன் சைலஸ் எப்போதும் கிண்டல் பண்ணுவான், "செலினா வீட்டுல டான்ஸ் ஆடுறதுக்குப் படகுலயே ஆடிடலாம், அங்க இவ்வளவு ஆட்டம் இருக்காது" என்று. கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், தரையைப் பாருங்கள், தரையைப் பாருங்கள் என்று. மீன் முடியட்டும் என்பார். மீன் முடிந்தால் விறகு.

போன அக்டோபரில்தான் நான் கேட்காமலே தரைக்கு அடியில் போனார். ஒரு மாதம் மல்லாந்து படுத்துக்கொண்டு வேலை செய்தார். பழைய உத்திரம் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் புது உத்திரம் ஒன்றை ஒட்டிக் கொடுத்து, ஆணியை இந்தப் பக்கம் அடித்து அந்தப் பக்கம் முனையை மடக்கி, படகு கட்டுகிற மாதிரியே கட்டினார். நான் மேலே மாவு பிசைவேன். அவர் கீழிருந்து, "எங்க ஆடுது?" என்பார். நான் குதிகாலால் தட்டிக் காட்டுவேன். அவர் அங்கேயே சுத்தியலால் திருப்பித் தட்டுவார். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அப்படி விளையாடியதில்லை.

பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோது நீ காலால் ஓங்கி ஒரு மிதி மிதித்து, "பாருங்க அண்ணி, அசையுதா? அண்ணன் உங்களுக்காகவே செஞ்சது" என்றாயே. அதைக் கேட்டுத்தான் எனக்கு அழுகையே வந்தது. அதுவரைக்கும் வரவில்லை.

ஊர்க்காரர்கள் பழைய பேச்சைத் திரும்ப எடுத்துவிட்டார்கள். எல்லாரும் உங்கள் பக்கம் குடிபோக வேண்டுமாம். கிட்டத்தட்ட எல்லா வீடும் சரி என்றால்தான் அரசாங்கம் குடிபெயரப் பணம் கொடுக்குமாம். இருக்கிற ஏழெட்டு வீட்டில் நான் ஒருத்திதான் பாக்கி, ஒன்று குறைந்தாலும் கணக்கு தேறாதாம். போன வாரம் நான்கு ஆண்கள் வந்து டீ குடித்தார்கள். "அல்மாவை விட்டு எங்கேயும் போகமாட்டோம் என்று குழிமேட்டில் வாக்குக் கொடுத்தவர் அவர், போக நினைக்கிற மனிதன் ஒரு மாதம் கஷ்டப்பட்டுத் தரையைக் கட்டுவானா?" என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கோப்பையை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

கடிதம் போடு.

செலினா


பெரிய துறை
1967 ஏப்ரல் 4

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே எழுத முடியவில்லை, மன்னியுங்கள். சின்னவனுக்குக் காது வலி, இராத்திரியெல்லாம் தூக்கமில்லை. டாக்டர் தெருக்கோடியிலேயே இருப்பதால் பிழைத்தோம். மருந்து ஊற்றினார், மறுநாள் சரியாகிவிட்டது. அங்கே என்றால் சூடான உப்பை மூட்டை கட்டி வைத்துக்கொண்டு ஜெபம் பண்ணிக்கொண்டிருப்போம்.

அண்ணி, நான் சொல்கிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள். துக்கத்தில் இருக்கும்போது எந்த முடிவும் எடுக்கக்கூடாது. போகமாட்டேன் என்பதும் ஒரு முடிவுதானே. நீங்கள் அங்கே தனியாக விறகு வெட்டி, தனியாகத் தண்ணீர் சுமந்து, எத்தனை குளிர்காலம் தள்ளுவீர்கள்? ஊர் முழுக்கப் போய்விட்டால் கடைப்படகுகூட அந்தப் பக்கம் வராது.

இங்கே உங்களுக்கு ஒரு குறையும் இருக்காது. எங்களுக்குப் பின்னால் இருக்கிற மனையில் ஜேபஸ் கல்லெல்லாம் பொறுக்கி மட்டமாக்கி வைத்திருக்கிறார். வீடு வந்தால் அடுக்களை ஜன்னல் கடலைப் பார்த்தபடி அமையும், நீங்கள் அங்கே பார்க்கிற மாதிரியே. பிள்ளைகள் ஓடிவர இருபது அடிதான்.

தரையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அண்ணன் எதைச் செய்தாலும் திருத்தமாகத்தான் செய்வார். அதற்கு மேல் நான் என்ன சொல்வது.

காட்டுப்பழ ஜாம் ஒரு பாட்டில் அனுப்பியிருக்கிறேன். சாப்பிடுங்கள். எலும்பும் தோலுமாக இருந்தீர்கள்.

உங்கள் டார்கஸ்


ஸ்பில்லர் துறை
1967 மே 22

டார்கஸ்,

பனி உடைந்து முதல் படகு வந்திருக்கிறது. இந்தக் கடிதம் அதில் வருகிறது.

நிலம் இளகும்போது வீட்டைச் சுற்றித் தாங்குகிற முட்டுக்கால்களில் வடக்கு மூலையில் இருப்பது நகர்ந்துவிட்டது. கதவு இழுத்துப் பிடித்துக்கொண்டது. சைலஸைக் கூப்பிட்டேன். லாந்தரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு அடியில் போனான். ஐந்து நிமிஷ வேலை. அவன் வெளியே வர வெகு நேரமாயிற்று. வந்தவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"ஹேவர்ட் உன்கிட்ட ஏதாவது சொன்னானா?"

"எதைப் பத்தி?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

"சைலஸ், என் தரைக்கு அடியில பூந்துட்டு வந்து சும்மான்னு சொல்லாத. என்ன பார்த்த?"

"நடுவுல ஒரு முட்டுக்கால்கூட இல்ல."

"அதான் நல்லா நிக்குதே. அப்புறம் எதுக்கு?"

"அதாம்மா நானும் கேக்குறேன். ஆடுற தரைக்கு எவனும் என்ன செய்வான்? நடுவுல நாலு முட்டு கொடுத்து, பாறைமேல ஊன்றி, ஆப்பு அடிப்பான். ஒரு மத்தியானத்து வேலை. இவன் ஒரு மாசமா மல்லாந்து கெடந்து இரட்டை உத்திரம் போட்டிருக்கான். உத்திரத்தையெல்லாம் சுத்தி ஓடுற அடிக்கட்டையோட சேத்து போல்ட்டு முடுக்கியிருக்கான். மூலைக்கு மூலை சாய்வுக்கட்டை. நிக்கிற வீட்டுக்கு அது எதுக்கு?"

எனக்கு இன்னும் விளங்கவில்லை. அவன் வாயைத் துடைத்துக்கொண்டான்.

"இழுக்குற வீட்டுக்குத்தான் செலினா அது வேணும். குடிபோறப்ப வீட்டையே கடல்ல மிதக்கவிட்டுப் படகால இழுப்பாங்க, அப்போ வீடு முறுக்கும். முறுக்கினா தரைதான் முதல்ல பிளக்கும். அது பிளக்காம இருக்கத்தான் இவ்வளவும். இந்த வீடு பாறையில ஊன்றவே இல்ல. சுத்தி இருக்குற முட்டைத் தட்டிவிட்டா, கையில தட்டைத் தூக்குற மாதிரி அப்படியே கிளம்பிடும்."

"பொய் சொல்ற."

"நீயே போய்ப் பாரு."

போனேன். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு லாந்தரோடு தவழ்ந்து போனேன். அவர் படுத்துக் கிடந்த இடத்தில் படுத்துப் பார்த்தேன். எல்லாம் அவர் கைவேலைதான், மடக்கிய ஆணி ஒவ்வொன்றும் அவர் கை. இரண்டு நீளக் கட்டைகளை வீட்டின் நீளத்துக்கு உத்திரங்களுக்குக் கீழே ஓடவிட்டிருக்கிறார். அவற்றின் முனை கடல் பக்கம். முனையைச் செதுக்கி மேல்நோக்கி வளைவாக்கியிருக்கிறார், சறுக்குவண்டிக்குச் செதுக்குவது போல. படித்தவர்கள் வந்து எனக்கு விளக்கத் தேவையில்லை. சறுக்குவண்டி நகர்வதற்கு என்று எனக்குத் தெரியும்.

வெளியே வந்து சைலஸைக் கேட்டேன், "யாருக்கெல்லாம் தெரியும்?"

அவன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு, "ஊருக்கே தெரியும்மா. வர்ற ஆகஸ்ட்ல உன் வீட்டைத்தான் முதல்ல இழுக்குறதா இருந்தது. நீ சரின்னுட்டேன்னு ஹேவர்ட் சொல்லியிருந்தான். சாவு வீட்டுலதான் உனக்குத் தெரியாதுன்னு எங்களுக்குத் தெரிஞ்சது. அப்புறம் எப்படி வாயைத் திறக்கிறது?" என்றான்.

அப்போதுதான் உன் கடிதத்தை எடுத்துத் திரும்பப் படித்தேன். வீடு வந்தால் அடுக்களை ஜன்னல் கடலைப் பார்த்தபடி அமையும் என்று எழுதியிருக்கிறாய். வீடு எப்படி வரும் டார்கஸ்? நான் வந்தால் என்று எழுதவில்லையே நீ. ஜேபஸ் எப்போதிலிருந்து கல் பொறுக்குகிறார்?

நீ அவருடைய தங்கை. எனக்கும் நீதான் தங்கை என்று நினைத்திருந்தேன். உண்மையை எழுது.

செலினா


பெரிய துறை
1967 மே 31

அண்ணி,

சரி. எழுதுகிறேன். ஜேபஸ் வேண்டாம் என்கிறார், நேரில் போய்ச் சொல் என்கிறார். நேரில் வந்தால் நீங்கள் என்னை உள்ளே விடுவீர்களா?

போன செப்டம்பரில் அண்ணன் இங்கே மீன் கொண்டுவந்தபோது படகுத்துறைப் படி ஏறியதும் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். முகம் சாம்பலாகிவிட்டது. நான்தான் இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். இதயம் கெட்டுப்போயிருக்கிறது, பாரம் தூக்கக்கூடாது, டாக்டர் இருக்கிற ஊரில் இருந்தால் கொஞ்ச காலம் ஓட்டலாம், அங்கே ஸ்பில்லர் துறையில் இருந்தால் ஒரு குளிர்காலம்கூட உத்தரவாதம் இல்லை என்றார். நீங்கள் தெரிந்துகொள்ளக்கூடாது என்று அண்ணன் என் பிள்ளைகள் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கினார். நான் என்ன செய்வேன்?

வீட்டை இழுத்துக்கொண்டு இங்கே வருவது என்று அன்றைக்கே முடிவு பண்ணினார். ஜேபஸ் அந்த மாதமே மனையைத் துப்புரவு பண்ண ஆரம்பித்தார். வசந்தத்தில் உங்களிடம் சொல்வதாக அண்ணன் சொன்னார். பிப்ரவரியில் போய்விட்டார். நடந்தது இவ்வளவுதான்.

வஞ்சகம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளுங்கள். ஏன் அவரால் உங்களிடம் சொல்ல முடியவில்லை? ஒவ்வொரு ஞாயிறும் குன்றுமேல் ஏறி, அந்தச் சின்னக் குழிமேட்டில் புல் பிடுங்கி, வெள்ளைக் கல்லைத் துடைத்து, திரும்பி வந்து, "என்னை இங்கிருந்து தூக்கினா பெட்டியிலதான் தூக்கணும்" என்று யார் சொல்வது? எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள், என் காதுபடவே! நோயாளி மனிதன் அதைக் கேட்டுக்கொண்டே எதிரில் உட்கார்ந்து சூப் குடிக்க வேண்டியிருந்தது.

அவர் உயிர் போன அந்தப் புயல் இராத்திரி இங்கே இருந்திருந்தால் டாக்டர் வீட்டுக்கு நடந்தே போயிருக்கலாம். நான் இதை எழுதக்கூடாது. எழுதிவிட்டேன். கிழிக்கப்போவதில்லை.

டார்கஸ்


ஸ்பில்லர் துறை
1967 ஜூன் 14

டார்கஸ்,

நான் கொன்றேன் என்கிறாய். சரி. அதை எழுத உனக்குக் கை வந்ததே, அது போதும்.

இப்போது நான் சொல்வதையும் கேள். நெஞ்சு கெட்டவர் என்று டாக்டர் சொன்ன மனிதன், பாரம் தூக்கக்கூடாது என்று சொன்ன மனிதன், அதற்கு அடுத்த மாதமே ஈரப் பாறைமேல் மல்லாந்து படுத்து, ஆள் நீள உத்திரங்களைக் காலால் உந்தி மேலே தள்ளினார். உனக்குத் தெரியும். ஜேபஸுக்குத் தெரியும். ஒரு ஆளை உதவிக்கு அனுப்பினீர்களா? நடுநடுவே சுத்தியல் சத்தம் நின்றுபோகும். புகையிலை பற்ற வைக்கிறார் என்று நினைத்தேன். நான் மேலே சிரித்துக்கொண்டு குதிகாலால் தட்டினேன், "தூங்கிட்டீங்களா கீழ?" என்று. கொஞ்ச நேரம் கழித்து இரண்டு தட்டு திரும்பி வரும். இப்போது அந்தக் கொஞ்ச நேரம்தான் என் தலைக்குள் இருக்கிறது. மாவு பிசைய முடியவில்லை. ரொட்டியை நெட்டி கொடுக்கிறாள்.

அவர் என்னிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே கிளம்பியிருப்பேன். அன்றைக்கே. வீடும் வேண்டாம், தரையும் வேண்டாம், ஒரு மூட்டையோடு படகில் ஏறியிருப்பேன். பெட்டியில்தான் தூக்க வேண்டும் என்று சொன்னேன். ஆமாம், சொன்னேன். எந்தப் பொம்பிளை இப்படி ஏதாவது சொல்லவில்லை? நீ ஜேபஸை அடுப்பில் போடுவேன் என்று எத்தனை தரம் கத்தியிருக்கிறாய், அவர் வெந்தா போனார்? செத்துப்போன குழந்தைக்காக உயிரோடு இருக்கிற புருஷனை விட்டுவிடுவேன் என்று அவர் என்னைப் பற்றி நினைத்தாரே, அதுதான் டார்கஸ். ஊரைவிட்டுப் போவது இல்லை. என்னோடு இத்தனை வருஷம் படுத்து எழுந்த மனிதன் என்னை அப்படிப்பட்டவள் என்று நினைத்தபடியே செத்துப்போனார்.

அப்புறம் நீ. பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, தெரிந்துகொண்டே, காலால் மிதித்து, "உங்களுக்காகவே செஞ்சது" என்றாய். அவர் செத்துவிட்டார், சத்தியமும் அதோடு முடிந்தது. நீ அப்போது பேசாமல் இருந்திருக்கலாம். யாரும் உன்னைக் கேட்கவில்லை. நீயாக வந்து ஒரு பொய்யை என் கையில் கொடுத்தாய், நானும் அதை மூன்று மாதம் நெஞ்சோடு வைத்துக்கொண்டு தூங்கினேன். அவரை என்றாவது மன்னித்தாலும் மன்னிப்பேன். நீ செய்ததற்கு இன்னும் பெயர் தெரியவில்லை எனக்கு.

நெட்டிக்கு இது ஆறாம் மாதம். கால் இரண்டும் வீங்கியிருக்கிறது. இதற்கு முன் உண்டான இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. அவள் என்னை ஒன்றும் கேட்பதில்லை. ரொட்டியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போகிறாள். சைலஸ்தான் வேலியருகே நின்று, "ஜூலைக்குள்ள சொல்லணும் செலினா, இல்லைன்னா இந்த வருஷம் யாரும் போக முடியாது" என்கிறான். நான் சரி என்றால் அவருடைய சூழ்ச்சிப்படியே போகிறேன். மாட்டேன் என்றால் அவர் என்னைப் பற்றி நினைத்தது சரிதான் என்று ஆகிவிடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் கட்டி வைத்த கட்டு.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். மழுப்பாதே. என்னிடம் சொல்லாததற்கு அவர் என்ன காரணம் சொன்னார்? நீயாக ஜோடிக்காமல், அவர் வாயிலிருந்து வந்த வார்த்தையை அப்படியே எழுது. அதைக் கேட்ட பிறகுதான் சைலஸுக்குப் பதில் சொல்வேன்.

செலினா


பெரிய துறை
1967 ஜூன் 29

அண்ணி,

டாக்டர் வீட்டிலிருந்து வந்து என் அடுக்களையில்தான் உட்கார்ந்திருந்தார். நான், "இன்னிக்கே போய் அண்ணிகிட்ட சொல்லிடுங்க, அவங்க வந்துடுவாங்க" என்றேன். தலையை ஆட்டினார்.

"வருவா. வரலாம். ஆனா கேட்ட உடனே ஒரு நிமிஷம் யோசிப்பா டார்கஸ். அவ முகத்தை எனக்குத் தெரியும். ஜன்னல் வழியா குன்றைப் பார்ப்பா, அப்புறம்தான் என்னைப் பார்ப்பா. அந்த ஒரு நிமிஷத்தை என்னால பார்க்க முடியாது. வீட்டைக் கிளப்பத் தயாரா வெச்சுட்டுச் சொன்னா, யோசிக்க இடமிருக்காது."

இதைத்தான் சொன்னார். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. பிறகு எழுந்து அடுப்பில் விறகு போட்டார், நான் போடப் போனதைத் தடுத்துவிட்டு.

சாவு வீட்டில் நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. நீங்கள் கல்லு மாதிரி நின்றுகொண்டிருந்தீர்கள். பார்க்கப் பயமாக இருந்தது. ஏதாவது சொல்லி உங்களை அழவைக்க வேண்டும் என்று தோன்றியது. வாயில் வந்தது அது. அண்ணன் சாவுக்கு நீங்கள்தான் காரணம் என்கிற மாதிரி எழுதியது அதைவிட மோசம். அண்ணி, அதைப் படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிட்டீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் மனை அங்கேயே இருக்கும். அதில் வேறு எதுவும் கட்டமாட்டோம்.

டார்கஸ்


பெரிய துறை, வடக்கு முனை
1967 செப்டம்பர் 17

டார்கஸ்,

ஒரே ஊரில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறேன். நேற்று நீ கதவைத் தட்டியபோது நான் உள்ளேதான் இருந்தேன். நீயும் அதை அறிந்திருப்பாய், புகை போய்க்கொண்டிருந்ததே. படியில் வைத்துவிட்டுப் போன வெல்லப்பாகு ரொட்டியைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன். நன்றாக இருந்தது என்றார்கள்.

என்ன நடந்தது என்று ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்களாம். நானே எழுதிவிடுகிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் சைலஸிடம் சரி என்று சொன்னேன். நெட்டிக்காகத்தான். அவருக்காகவும் இல்லை, உனக்காகவும் இல்லை. அவள் பிள்ளை டாக்டர் பக்கத்தில் பிறக்கட்டும். அதற்கு நான் குறுக்கே நின்றேன் என்று ஒரு பேச்சு வேண்டாம்.

ஆகஸ்டில் இழுத்தார்கள். சுற்றியிருந்த முட்டுக்கால்களைச் சைலஸ் ஒவ்வொன்றாகத் தட்டினான். வீடு ஒரு தரம் முனகிற்று, பிறகு அந்த இரண்டு கட்டைகளின்மேல் உட்கார்ந்தது. ஊரே கயிற்றைப் பிடித்தது, பெண்களும்தான். நெட்டி மட்டும் ஒரு மீன்பெட்டிமேல் உட்கார்ந்து எல்லாரையும் அதட்டினாள், "சோம்பேறிங்களா, நான் தனியா இழுத்திருப்பேன்" என்று. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, என்ன செய்ய.

கடல் ஏறி வந்ததும் வீடு மிதந்தது. நான் உள்ளே இருப்பேன் என்று பிடிவாதம் பிடித்தேன். சைலஸ் கத்தினான், "பிளந்தா முதல்ல நீதான் போவ!" என்று. பிளக்காது என்றேன். அடுக்களை நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். விசைப்படகு இரண்டும் இழுக்க, சுவர் முறுக்கியது, ஜன்னல் கண்ணாடி ஒன்று தெறித்தது, கூரைப் பக்கத்தில் என்னென்னவோ சத்தம். என் காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. ஒரு முனகல்கூட இல்லை. அவ்வளவு நன்றாகக் கட்டியிருந்தார் டார்கஸ். உயிரைக் கொடுத்துக் கட்டியிருந்தார். அதை நினைத்து அழுதேன், அதை நினைத்தே அவரைத் திட்டவும் செய்தேன். வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன், கேட்க யாரும் இல்லை. கழுத்தைத் திருப்பினால் ஜன்னலில் குன்று தெரிந்திருக்கும். திரும்பவில்லை.

உன் மனைக்கு எதிரே ஜேபஸ் கயிற்றோடு காத்திருந்ததைப் பார்த்தேன். நீயும் பிள்ளைகளோடு நின்றிருந்தாய். சின்னவன் கையை ஆட்டினான். நான்தான் சைலஸிடம், "நிக்காத, வடக்கு முனைக்குப் போ" என்று சொன்னேன். அந்த இடத்தை ஜூலையிலேயே கேட்டு வைத்துவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. சொல்லாமல் செய்வது எப்படி இருக்கும் என்று உங்களுக்கும் ஒருமுறை தெரியட்டும் என்று நினைத்தேன். அதில் சந்தோஷம் ஒன்றும் கிடைக்கவில்லை. சின்னவன் கை ஆட்டிக்கொண்டே நின்றதுதான் மிச்சம்.

வீடு கரையேறியதும் நடுவில் நான்கு முட்டுக்கால் வைக்கச் சொன்னேன். "இந்தத் தரைக்கு முட்டே தேவையில்ல செலினா, மாட்டைக் கொண்டாந்து கட்டினாலும் தாங்கும்" என்றான் சைலஸ். தாங்குவதற்காகக் கேட்கவில்லை என்றேன். அவன் முட்டுகளைப் பாறைமேல் நிறுத்திப் பிடித்துக்கொண்டான். ஆப்பை நான் அடித்தேன், இனி நகராது என்று இறுகும் வரைக்கும். பிறகு அந்த இரண்டு நீளக் கட்டைகளின் செதுக்கிய முனையை அறுத்து எடுத்துவிடச் சொன்னேன். அறுத்தான். இனி இந்த வீட்டை எங்கேயாவது கொண்டுபோக வேண்டுமென்றால் என்னைக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

நெட்டிக்கு முந்தாநாள் இராத்திரி பெண் பிறந்திருக்கிறது. இரண்டு பேரும் சுகம். நீ அதைச் சொல்லத்தான் வந்தாய் என்று பிறகு சைலஸ் சொன்னான்.

நீ எழுதியதை, அவர் சொன்ன அந்த வார்த்தைகளை, நான் அடுப்பில் போடவில்லை. தினமும் நினைக்கிறேன். அன்றைக்கே கிளம்பியிருப்பேன் என்று உனக்கு எழுதினேன். கோபத்தில் எழுதினேன், அப்போது அது உண்மை. இப்போது இங்கே உட்கார்ந்து, அவர் எதிரில் நின்று கேட்கிறார் என்று நினைத்துப் பார்க்கிறேன். "எனக்கு நெஞ்சு சரியில்ல செலினா, போயிடலாமா?" என்கிறார். நான் குன்றைப் பார்க்கிறேனா, அவரைப் பார்க்கிறேனா என்று தெரியவில்லை டார்கஸ். ஒரு நாள் உடனே சரி என்கிறேன். ஒரு நாள் வாயே திறக்கவில்லை. அவர் என்னை ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால், நான் எப்படிப்பட்டவள் என்று எனக்காவது தெரிந்திருக்கும். என்னிடமிருந்து அதை எடுத்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார், நான் இனிமேல் போக முடியாத இடத்தில்.

கதவை இப்போதைக்குத் தட்டாதே. சின்னவனை வேண்டுமானால் அனுப்பு.

செலினா